பெரணி இலைக்குப் பதினொரு பக்கம்

என் வாழ்நாளில் நான் நேரில் பார்த்த போர் ஒன்றே ஒன்று. எங்கள் கல்லூரியில் துறைத்தலைவர் நாற்காலிக்காக நடந்தது. அதிலும் நான் பின்வாங்கிய படையில் இருந்தேன். அப்படிப்பட்டவன் படைவீரர்கள் எழுதிய போர்க் கவிதைகளைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவரத் துணிந்ததற்குக் காரணம், எனக்கு நிறைய நேரம் இருந்ததும் தடுக்க ஆள் இல்லாததும்தான்.

தொகுப்புக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். எழுதியவர் சிப்பாயாக இருந்திருக்க வேண்டும். சாய்வு நாற்காலியில் அமர்ந்து போரைப் பாடுகிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்று முன்னுரையின் முதல் பத்தியிலேயே முழங்கியிருந்தேன். அதை எழுதியது சாய்வு நாற்காலியில் அமர்ந்துதான்.

கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒற்றைத் தாளில் அச்சான சிங்களக் கவிதை ஒன்றை ஆங்கில உரையோடு அனுப்பிவைத்தார். வடக்கே போரில் இறந்துபோன நிஹால் என்ற சிப்பாய் தன் தாய்க்கு எழுதியதாம். நான் அதைத் தமிழில் இப்படிப் போட்டேன்:

அம்மா, இங்கே குழி ஆழம்.
மரக்கால்களுக்குப் பின்னே பெரணி இலை செருகி
மண் தலையில் விழாமல் பார்த்துக்கொள்கிறோம்.
மெழுகுவர்த்தி எரியும்வரை மூச்சு இருக்கிறது.
அது அணைந்தால் கயிற்றை இரண்டு முறை இழுப்பேன்.
நீ மேலேதானே நிற்கிறாய்?

படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரணி இலை என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பதினொரு பக்கம் விளக்கம் எழுதினேன். பதுங்குகுழியில் கிடந்தவனுக்கே இந்த நுணுக்கம் கைவரும் என்றும், அந்தக் கயிறு தாயின் தொப்புள்கொடி என்றும், மூன்று கருத்தரங்குகளில் முழங்கினேன். இரண்டில் கைதட்டினார்கள். மூன்றாவதில் மின்சாரம் போய்விட்டது.

பதிப்பாளருக்கு இலக்கியத்தைவிட வழக்குகளில் பயம் அதிகம். குடும்பத்தாரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றார். தாளின் அடியில் ஓப்பநாயக்க என்று அச்சகத்தின் ஊர் போட்டிருந்தது. போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்த நேரம். நானே போய் வாங்கி வருகிறேன் என்று மார்தட்டிக் கிளம்பினேன்.

முதல் நாள், கொழும்பிலிருந்து பஸ். ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஆனால் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை மட்டும் காலியாக இருந்தது. நம் ஊர் அனுபவத்தில் இதற்கு ஒரே அர்த்தம், யாரோ வாந்தி எடுத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன், சுத்தமாகவே இருந்தது. இந்த நாட்டுக்காரர்களுக்கு உட்காரத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு கால்நீட்டி உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வயதான பிக்கு ஒருவர் ஏறினார். பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் புன்னகைத்தேன். நடத்துநர் சிங்களத்தில் என்னவோ சொன்னார். அவருக்கும் ஒரு புன்னகை கொடுத்தேன். பின்னால் நின்ற ஒரு பெண்மணி பொறுக்கமாட்டாமல், "ஐயா, அது ஹாமதுருமாருக்கு ஒதுக்குன சீட்டுங்க. எந்திரிங்க மொதல்ல" என்றார். எழுந்தேன். இரத்தினபுரிவரை யாரோ ஒருவருடைய பலாக்காய் மூட்டையை அணைத்தபடி நின்றேன்.

அவமானத்தைவிட எனக்கு ஆச்சரியம், அந்தப் பெண்மணி பேசிய தமிழ். திண்டுக்கல்லில் என் அத்தை பேசுவது போலவே இருந்தது. நானோ வானொலியில் கேட்ட யாழ்ப்பாணத் தமிழை ஒரு மாதம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

ஓப்பநாயக்கவில் நான் தங்கியது கனகசபை என்பவர் வீட்டில். பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவர், என் சக ஆசிரியருக்குத் தூரத்து உறவு. அவரிடம் என் ஒத்திகையை அரங்கேற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார் யாழ்ப்பாணமா?" என்றார்.

"இல்லை, சென்னை."

"அப்பறம் ஏங்க இப்பிடிப் பேசுறீங்க?"

அன்றோடு அந்தத் தமிழை மூட்டை கட்டினேன். இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தார்கள். "ஒறைக்கும் சார், பாத்து" என்றார் கனகசபையின் மனைவி. ஆந்திர எல்லையில் பிறந்தவனிடமா என்று ஒரு கைப்பிடி அள்ளி வைத்துக்கொண்டேன். பிறகு அரைமணி நேரம் யாரிடமும் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

இரண்டாம் நாள் காலை, எனக்கு வழிகாட்டவும் சிங்களத்தில் பேச உதவவும் கனகசபை ஓர் ஆளைக் கூட்டிவந்தார். பெயர் தியாகராஜன். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர், பஜாரில் உள்ள அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். தோட்டப் பள்ளியில் ஐந்தாவதுக்கு மேல் இல்லாததால் சிங்களப் பள்ளியில் படித்தாராம். "சிங்களம் இவரு பேசுனா சிங்கள ஆளுங்களே நின்னு கேப்பாங்க" என்றார் கனகசபை. தியாகராஜன் மட்டும் முகம் மலரவில்லை.

"நிஹால் வீட்டுக்குங்களா? மழை வர்ற மாதிரி இருக்கே சார். அந்தம்மாவும் பாவம்."

"நான் அதற்காகவே கடல் தாண்டி வந்திருக்கிறேன்" என்றேன். கடலை விமானம்தான் தாண்டியது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

தேயிலை மலையை ஒட்டி நடந்தோம். அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, முழங்கால்வரை சோப்பு பூசிக்கொண்டிருந்தேன். தியாகராஜன் ரப்பர் செருப்போடு வந்தார். அவர் காலில் ஒன்றுகூட ஏறவில்லை. என்னிடம் மட்டும் ஆறு கிடைத்தன. ஒன்று எப்படியோ கழுத்துப்பட்டிக்குள் இருந்தது.

தோட்டம் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், ஓலைக் கூரைக்குக் கீழே மாணிக்கக்கல் தோண்டும் குழி ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். கிணறு மாதிரி சதுரமாக இறங்கியது. நான்கு பக்கமும் மரக்கட்டைச் சட்டம். ஒருவன் கட்டைக்கும் ஈர மண்ணுக்கும் நடுவில் பச்சை இலைக் கட்டுகளை உள்ளங்கையால் அடித்து அடித்துச் செருகிக்கொண்டிருந்தான். கீழே ஒரு மெழுகுவர்த்தி. மேலே கயிற்றோடு ஒருவன்.

"அது என்ன இலை?" என்றேன்.

"கெக்கில்லைங்க. அத அடைச்சாத்தான் மண்ணு சரியாது."

இங்கிலீஷில் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பெரணி. உடனே புரிந்துகொண்டிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால் என்னை மிகவும் மதிக்கிறீர்கள். "ஆகா, சொந்த ஊர் நுட்பத்தை நிஹால் போர்முனைக்குக் கொண்டுபோயிருக்கிறான்" என்று குதித்தேன். பன்னிரண்டாவது பக்கத்துக்கான முதல் வரிகூட மனதில் வந்துவிட்டது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம் என்ற தகரக் கொட்டகைக்குள் ஓடி ஒதுங்கினோம். கொழுந்துக் கூடைகளின் வாசனையில் நான் தொப்புள்கொடி வரை விளக்கிக்கொண்டிருந்தேன். தியாகராஜன் தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு சொன்னார்.

"சார், வடக்குல கெக்கில்ல மொளைக்காதாம். காஞ்ச பூமியாம். எனக்கு அப்ப அது தெரியாதுங்க. நான் பலாங்கொடயத் தாண்டி அங்கிட்டுப் போனதே இல்ல."

"உங்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?"

"அத எழுதுனது நாந்தாங்க."

மழை தகரத்தில் அடித்ததால் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல ஆசை. தெளிவாகக் கேட்டது.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் இறந்த மூன்றாம் மாதம் பிக்குமாருக்குத் தானம் கொடுப்பார்கள். அன்று வருகிறவர்களுக்கு இறந்தவர் படத்தோடு இரங்கல் பாட்டு அச்சிட்ட தாள் கொடுப்பார்கள். அச்சகத்தில் தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, சிப்பாய்க்கு ஒன்று என்று பாட்டுகளைக் கோத்தபடியே வைத்திருப்பார்களாம்.

"பேர மட்டும் மாத்துவோங்க. யுத்தம் கடுமையா நடந்த நேரம், சிப்பாய்ப் பாட்டுக்குக் கோத்த எழுத்தக் கழட்டவே நேரமில்ல. அந்தப் பாட்டு நிஹால் தெருவுலயே ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போயிருச்சு. நிஹாலோட அம்மா ரெண்டு தாளையும் கையில வச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. அவ மகனும் என் மகனும் ஒரே ஆளான்னு கேட்டாங்க. சத்தம் போடல சார். சத்தம் போட்டிருந்தா பரவால்ல."

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ராணுவம் சொல்லிவிட்டதால் மகன் முகத்தைக்கூட அந்த அம்மா பார்க்கவில்லை. புதிதாக ஏதாவது கோத்துக் கொடு என்று முதலாளி சொல்லிவிட்டுப் போய்விட்டார். தியாகராஜன் உட்கார்ந்து எழுதினார்.

"நான் சண்டையப் பாத்ததில்லைங்க. ஆனா வேலைக்கு வர்றதுக்கு முந்தி ரெண்டு வருசம் கல்லுக்குழியில எறங்கியிருக்கேன். ஒரு நாளு மெழுகுவத்தி அணைஞ்சிருச்சு. அந்தப் பயம் தெரியும். அத வச்சு எழுதுனேன். அந்தம்மா அச்சுக் கடையிலேயே நின்னு வாசிச்சாங்க. 'இது என் மகன் எழுதுனது'ன்னாங்க. லீவுல வந்தப்ப அச்சடிக்கக் குடுத்துட்டுப் போயிருப்பான்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க போல. நான் இல்லைன்னு சொல்லல. ஆறு வருசமாச்சு."

நான் அவரைத் தேற்றியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் தலைக்குள் ஒரு தலைப்பு ஓடிக்கொண்டிருந்தது. சிங்களச் சிப்பாயின் குரலில் பாடிய தோட்டத் தமிழன். இதற்கு மூன்று கருத்தரங்கு அல்ல, முப்பது கிடைக்கும். டில்லியில்கூடக் கூப்பிடுவார்கள். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"எழுதிடாதீங்க சார்" என்றார் தியாகராஜன். "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அத மனப்பாடமா சொல்லுதுங்க. தமிழன் எழுதுனதுன்னா என்ன நெனப்பாங்களோ. யுத்த காலத்துல எங்களத் தெருவுல எப்பிடி நிப்பாட்டி வச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அதக்கூட விடுங்க. அவங்க மகன் அவங்ககிட்ட கடைசியாப் பேசுன பேச்சு அதான். அதப் புடுங்கிட்டுப் போயிடாதீங்க."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதே தலைப்பை இன்னும் சுருக்கலாமா என்று யோசித்தேன். எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது அப்போதல்ல, சாயங்காலம், கனகசபை வீட்டுப் பால்மா தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது. அதை வழக்கம்போலத் தாமதமாக வந்த நல்ல புத்தி என்று வைத்துக்கொள்ளலாம். கவிதையை மகன் பெயரிலேயே போடுவது, சம்மதம் வாங்குவது, வாயைத் திறக்காமல் திரும்புவது என்று முடிவு செய்தேன். கல்லூரி ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருப்பதாக முடிவு செய்வது எவ்வளவு நாள் நிற்கும் என்று யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் நிஹால் வீட்டுக்குப் போனோம். சிறிய ஓட்டு வீடு. சீருடைப் படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாய் சுமனாவதி, அறுபதைத் தாண்டியவர், நறுக்கென்று பேசுகிறவர். சர்க்கரை இல்லாத தேநீரும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார். நான் கருப்பட்டியைத் தேநீருக்குள் போட்டு விரலால் கலக்கினேன். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். அவர் சிரித்துவிட்டு வேறு துண்டு எடுத்துவந்தார்.

அவர் சிங்களத்தில் பேசுவதைத் தியாகராஜன் தமிழில் சொன்னார், என் பேச்சைச் சிங்களத்தில் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். மகன் பெயர் இந்தியாவில் அச்சாகும் என்றதும் அவர் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"கடல் தாண்டி வர்ற அளவுக்கு அதுல உங்களுக்கு என்ன புடிச்சதுன்னு கேக்குறாங்க சார்."

அம்மா பாசம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஒரு வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய் இது. "அந்தப் பெரணி இலை" என்று தொடங்கிவிட்டேன். தியாகராஜன் என் காலை மிதித்தார். நிறுத்தியிருக்கலாம். நான் எழுந்து நின்று, முந்தின நாள் குழியில் பார்த்தவன் செய்தது போலவே, இல்லாத கட்டைக்குப் பின்னால் இல்லாத இலையை உள்ளங்கையால் அடித்துச் செருகியும் காட்டினேன்.

தியாகராஜன் சிங்களத்தில் ஏதோ மிகச் சுருக்கமாகச் சொன்னார். அம்மா பாசம் என்றுதான் மாற்றிச் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கையசைவுக்கு இரத்தினபுரிப் பக்கத்தில் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

"கெக்கில்ல" என்றார் சுமனாவதி.

பிறகு நீண்ட நேரம் பேசினார். தியாகராஜன் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே வந்தார்.

"அவங்க வீட்டுக்காரரு குழி சரிஞ்சு செத்தாராம். அதனால மகன குழிப்பக்கமே விடலையாம். எட்டிக்கூடப் பாக்க விடலையாம். ராணுவத்துல சேருன்னு சொன்னதே அவங்கதானாம். குழிக்கு அது மேலுன்னு நெனச்சாங்களாம்."

அவர் நிறுத்தினார். சுமனாவதி நிறுத்தவில்லை.

"என்ன சொல்கிறார்?"

"கெக்கில்ல அடைக்கிறது என் மகனுக்கு எப்பிடித் தெரியும்னு கேக்குறாங்க. அவன் எழுதலன்னு அன்னிக்கு அச்சுக் கடையில வாசிச்சப்பவே அவங்களுக்குத் தெரியுமாம். நிமிந்து பாத்தாங்களாம், அந்த ஆளு மூஞ்சி அப்பிடி இருந்துச்சாம்."

"எந்த ஆள்?"

"நாந்தாங்க."

அதற்குப் பிறகு அவரால் சரியாக மொழிபெயர்க்க முடியவில்லை. துண்டு துண்டாகத்தான் எனக்கு வந்தது. மகன் எழுதியது என்று ஊருக்குச் சொன்னது தான்தான் என்றாராம். அப்படிச் சொல்ல வேண்டும்போல் இருந்ததாம். இவர் என்றாவது இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று ஆறு வருடமாகப் பயமாம். பஜாரில் அச்சகம் இருக்கும் பக்கமே போகமாட்டாராம். தியாகராஜன் இந்தத் தெருவுக்கு வராமல் இருந்ததும் அதே ஆறு வருடம்தான். ஒரே ஊரில் இரண்டு பேர், ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறார்கள். இடையில் நான் வந்து இலை அடைத்துக் காட்டியிருக்கிறேன்.

சுமனாவதி உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்து தியாகராஜன் முன்னால் வைத்தார். எனக்கான சம்மதக் கடிதம். தனக்குக் கண் சரியில்லை, நீ எழுது என்றார். அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதினார், எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"இந்தக் கவிதை என் மகன் நிஹாலுடையது. அவன் சொல்ல நினைத்ததைச் சொல்ல அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவனுக்காக எழுதியவர்..."

பேனா அங்கே நின்றுவிட்டது.

"பேரு போடச் சொல்றாங்க சார்" என்றார் தியாகராஜன். பிறகு அவரே சிங்களத்தில் அம்மாவிடம் ஏதோ கேட்டார். கெஞ்சுவது போல இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருக்கிறார். சுமனாவதி ஒரு வரியில் பதில் சொன்னார்.

"ஊருகிட்ட நான் சொல்லிக்கிறேன், மகன் என் மகன்தானேன்னு சொல்றாங்க."

எழுதினார். மெதுவாக, முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல. என் தொகுப்பின் ஒரே விதி அந்த மேசையில் உடைந்தது. பதினொரு பக்கமும் அதோடு போயிற்று. ஒன்றுக்காகவும் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். பெரணியைப் பற்றிய அந்த மூன்றாவது பக்கம் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது.

தாளை வாங்கக் கை நீட்டினேன். சுமனாவதி என்னைத் தாண்டி எடுத்து, கண்ணுக்குக் கிட்டே பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நான்காக மடித்துச் சீருடைப் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு தாளைத் தியாகராஜன் முன்னால் வைத்து, என்னைக் காட்டி, இந்த மாத்தயாவுக்கு வேறு ஒன்று எழுதிக் கொடு என்றார்.

எனக்குக் கிடைத்தது நகல்தான். அதை எழுதும்போது தியாகராஜன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தன் பெயர் வரும் இடத்தில் பேனா நிற்கவும் இல்லை.